தேய்த்தால் போகாத கறுப்பு

அருப்புக்கோட்டைப் பக்கம் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்களின் கையைப் பார்த்தாலே எத்தனை வருஷமாக வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். வாட்ச் கட்டுகிற இடத்தில் ஒரு நிறம், அதற்குக் கீழே விரல் முட்டிகளில் வேறு நிறம். ஜாக்கெட் கை முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. கிராம சுகாதார செவிலியராக ஊர் ஊராகச் சுற்றும் அந்த அம்மாவுக்கு அந்தக் கோடு பதினாறு வருஷமாக இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவர் நர்ஸம்மா. அந்தக் கோட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வீட்டில் நிறம் ஒரு பேச்சானது.

ஆனி மாதக் கடைசியில் பூ வைத்தார்கள். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். பெண், தனியார் பள்ளியில் டீச்சர். தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ப் பன்னிரண்டு கிலோமீட்டர் வருவாள். நெற்றியும் கன்னமும் ஒரு நிறம், துப்பட்டா மறைக்கிற தாடையும் கழுத்தும் இன்னொரு நிறம். பூ வைக்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர், “போட்டோவுல இன்னும் கொஞ்சம் கலரா இருந்துச்சே” என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் அதோடு மறந்திருப்பார். பெண் மறக்கவில்லை.

மறுநாளே வால்நட் ஓட்டுத்தூள் போட்ட ஸ்க்ரப் வந்தது. காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தடவை. நடுவில் எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டுத் தேய்ப்பது. பத்தே நாளில் கன்னம் சிவந்து, வியர்வை பட்டாலே எரிய ஆரம்பித்தது. “அத்தை, அழுக்கு வெளிய வருது போல, அதான் எரியுது” என்று போனில் சொன்னாளாம்.

அத்தை சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. ஸ்க்ரப் டப்பாவை வாங்கி, தன் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். “இதுல கறி பிடிச்ச வாணலிய விளக்கலாம்” என்றார்.

அவர் அன்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. வெயிலில் கறுப்பது அழுக்கு இல்லை. மேல்தோலின் அடி வரிசையில் மெலனின் என்ற நிறமியைச் செய்கிற செல்கள் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் பட்டதும் அவை மெலனினைக் கூடுதலாகச் செய்து பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அந்தச் செல்கள் அதைத் தங்கள் உட்கருவுக்கு மேலே குடை பிடித்ததுபோல வைத்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கிற டி.என்.ஏ. கெடாமல் இருக்க உடம்பு பிடிக்கிற குடை அது. அதைப் போய் நாரை வைத்துச் சுரண்டினால், தோல் அதைக் காயம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நம் ஊர்த் தோலுக்கு ஒரு குணம் உண்டு: எங்கே புண் வந்தாலும், பரு வந்தாலும், உரசினாலும், ஆறின இடத்தில் கறுப்பை விட்டுவிட்டுப் போகும். கொசுக்கடித் தழும்பு மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான். கறுப்பைப் போக்கத் தேய்க்கிற தேய்ப்பே புதுக் கறுப்பை உண்டாக்கும். முதுகிலும் கையிலும் வருஷக்கணக்காக நைலான் நாரைப் போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் அலை அலையாகக் கறுப்பு விழுவதைத் தோல் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

எலுமிச்சை இன்னும் மோசம். அதன் சாறு மிகக் கடுமையான புளிப்பு. நம் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்பில், ஏறக்குறைய 5 பி.எச். அளவில் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம். அதோடு எலுமிச்சையில், குறிப்பாகத் தோலில், வெயில் பட்டால் கொப்புளிக்க வைக்கிற பொருட்களும் உண்டு. தடவிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினால் பலன் கன்னத்தில் தெரியும். சமையல் சோடா என்றால் அந்தப் பக்கத்துக் கோடி, காரம். இரண்டையும் கலந்து ‘இயற்கை ப்ளீச்’ என்று காட்டுகிற வீடியோக்களை எடுக்கிறவர்கள் முதலில் தங்கள் முகத்தில் பத்து நாள் போட்டுக் காட்டலாம்.

முதல் இரண்டு வாரத்துக்கு அத்தை கொடுத்த வைத்தியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை போடாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். அவ்வளவுதான். “வேற ஒண்ணுமே இல்லையா அத்தை?” என்று அவள் நாலு தரம் கேட்டாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கல்யாணப் பெண்ணுக்குக் கஷ்டமான வேலை. எரிச்சல் பன்னிரண்டாம் நாள் அடங்கியது.

அதற்குப் பிறகுதான் மெதுவான வழி. நம் தோல் தானாகவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. அடியில் பிறக்கிற செல் மேலே வந்து உதிர இளவயதில் ஏறக்குறைய நாலு வாரம், வயதாக ஆக இன்னும் கூடுதல் நாள். உதிர வேண்டிய செல்கள் சில இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது முகம் மங்கித் தெரியும். அந்த ஒட்டுதலைத் தளர்த்தத் தேய்க்கத் தேவையில்லை, லேசான அமிலம் போதும். கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் என்று கடையில் கிடைப்பவை இந்த வகை. கிளைகாலிக் மூலக்கூறு சிறியது, சீக்கிரம் உள்ளே போகும், அதனால் எரிச்சலும் கூடுதல். மாண்டலிக் பெரியது, நிதானமாகப் போகும். லாக்டிக், தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். அத்தை தேர்ந்தெடுத்தது 5 சதவீத லாக்டிக். முதலில் தாடைக்குக் கீழே கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்தார்கள். பிறகு வாரத்தில் ஒரு ராத்திரி, இரண்டு வாரம் கழித்து வாரத்தில் இரண்டு ராத்திரி. த்ரெட்டிங் போன அன்று கிடையாது. ரெட்டினால் கிரீமோடு சேர்த்து ஒரே ராத்திரியில் கிடையாது. எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

“அப்ப தயிரையே பூசிக்கிறேனே?” என்றாள். பூசலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நேற்றுத் தயிருக்கும் இன்றைய தயிருக்கும் புளிப்பு ஒன்றாக இருக்காது. அளவு தெரியாத மருந்து அது. பாசிப்பயறு மாவும் அப்படித்தான்: துணியில் சலித்து, குழைத்துப் பூசி, காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவினால் நல்லது. காயவிட்டு உருட்டி உருட்டித் தேய்த்தால் அதுவும் ஸ்க்ரப்தான். இன்னொன்று, அந்த மாவை எந்த மில்லில் அரைத்தோம் என்பதும் முக்கியம். மிளகாய் அரைத்த கையோடு குளியல் பொடியை அரைத்து வாங்கி வந்த வீடுகள் அந்த நாளை மறந்திருக்காது.

அமிலம் போடுகிறவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. அது தோலை வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் இளக்கிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகைப் பொருட்களின் டப்பாவில், உபயோகிக்கிற நாட்களிலும் நிறுத்தி ஒரு வாரம் வரையிலும் வெயிலிலிருந்து காத்துக்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கையைப் போடும்படி பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே சன்ஸ்க்ரீன் போடத் தயாராக இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அதுவும் பொட்டு வைக்கிற அளவில் இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை. இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் ஒரு மாதம் ஓடுவதே பெரிது. வீட்டில் முணுமுணுப்பார்கள்தான். வாரா வாரம் பார்லரில் போடுகிற டீ-டான் ஃபேஷியலை நிறுத்தினால் அந்தக் காசு வந்துவிடும். கைக்குப் பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற நீளக் கையுறையே போதும்.

பொழுது இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மதினி ஒரு வேலை செய்தார். மகளின் முகம் ‘இன்னும் ஆகலையே’ என்று பொறுக்காமல், யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் ஒரு சின்ன டியூபை வாங்கி வந்துவிட்டார். ஏழே நாளில் வெளுக்குமாம். நர்ஸம்மா டியூபைத் திருப்பி எழுத்தைப் படித்தார். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்த கலவை. அதுவரை குரல் உயர்த்தாதவர் அன்று உயர்த்தினார்.

காரணம், அவர் போகிற ஊர்களில் அந்த டியூபின் முடிவைப் பார்த்திருக்கிறார். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டுக்காரி பெயர் கேட்டுப் போவாள். பிறகு தோல் மெலிந்து ரத்த நாளம் சிவப்பாகத் தெரியும், பரு வெடிக்கும், கன்னத்தில் பூனைமுடி தடிக்கும். நிறுத்தினால் முகம் பற்றி எரியும், அதனால் மறுபடி போடுவார்கள். டாக்டர் பார்த்து, ஒரு நோய்க்கு, இத்தனை நாள் என்று கொடுக்க வேண்டிய மருந்து அது. ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியையே இறுக்கியது. ஆனால் கல்லாவில் கேட்டால் எடுத்துத் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெயர் மாறியதே தவிர, ஏழு நாளில் வெளுக்க வேண்டும் என்ற அவசரம் வீடுகளில் அப்படியே இருக்கிறது.

“நீ அவ நல்லதுக்குத்தான் வாங்கின மதினி, தெரியுது. அவ முகத்துல இனிமே ரெண்டு பிள்ளை பெத்து வளர்க்கணும்ல” என்றார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு டியூபைக் குப்பையில் போட்டார்.

தேய்க்கக் கூடாத கறுப்புகள் வேறும் உண்டு. பிள்ளை பெற்ற பிறகு கன்னத்தில் வருகிற மங்கு, வெறும் வெயில் கறுப்பு இல்லை. ஹார்மோனும் சேர்ந்தது. கண்ணால் பார்க்கிற வெளிச்சமே அதைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறம் போட்ட சன்ஸ்க்ரீனைத் தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்கு வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழிப்பதைவிட டாக்டரிடம் போவது நல்லது. கழுத்துக் கறுப்பு இன்னொன்று. போன வருஷம் ஒரு வீட்டில் பதிமூன்று வயசுப் பையனின் கழுத்தை அம்மா குதிங்கால் தேய்க்கிற கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். “ஒழுங்கா குளிக்க மாட்டேங்கிறான் நர்ஸம்மா.” கழுத்தும் அக்குளும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தது. அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அடிக்கடி வருவது அது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். பையனுக்கு முதலில் கிடைத்த நிம்மதி, திட்டு நின்றது.

ஆவணி பிறந்ததும் அப்பத்தா நலங்கு மாவுக்குச் சாமான் எடுத்து வைக்க ஆரம்பித்தார். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ, கார்போக அரிசி. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த மகள், கார்போக அரிசியை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

“காலங்காலமா போடுறதுடி” என்றார் அப்பத்தா.

போடுவதுதான். ஆனால் அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. அது வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கறுக்க வைக்கும். வெண்புள்ளிக்கு அந்த விதையைக் கொடுத்து வெயில் காட்டியது நம் முன்னோரின் வைத்தியம். அதே சோராலனையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துத்தான் இன்றைய மருத்துவமனைகளிலும் ஒரு சிகிச்சை இருக்கிறது. நிறம் இல்லாத இடத்துக்கு நிறம் கொண்டுவரத் தந்ததை, கறுத்த முகத்தில் பூசி வெயிலில் அனுப்புவானேன்? அப்பத்தா யோசித்தார். “அப்ப எங்க ஐயாவுக்கு வைத்தியர் குடுத்தது இதுதானா” என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தை மடித்து அலமாரியில் வைத்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அமிலத்தையும் நிறுத்தினார்கள். இரண்டு நாள் முன்னால் ப்ளீச் போட்டால் மேக்கப் நன்றாக உட்காரும் என்று பியூட்டீஷியன் சொன்னதற்குப் பெண்ணே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். நெற்றிக்கும் தாடைக்கும் இருந்த வித்தியாசம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. கைகளில் கோடு அப்படியே இருந்தது, மருதாணி அதை மறைத்தது. அவள் நிறம் மாறவில்லை. மாற வேண்டும் என்று கடைசி மாதத்தில் அவள் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா மணமேடைக்கு வந்து கன்னத்தைத் தொட்டு, “வழவழன்னு இருக்கே, என்ன போடுற?” என்று கேட்டுப் போனார்.

இப்போது அவள் தூத்துக்குடியில் இருக்கிறாள். புதுப் பள்ளிக்கூடம், அங்கேயும் ஸ்கூட்டர்தான். போன வாரம் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: “டியூப் தீந்துருச்சு அத்தை. எஸ்.பி.எஃப். 30 வாங்கவா, 50 வாங்கவா?”

30 என்பது சூட்டுக் காயம் உண்டாக்குகிற கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. நர்ஸம்மா அதையெல்லாம் தட்டச்சு செய்யவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, “எதையாவது வாங்கு. ரெண்டு விரல் போடு” என்று அனுப்பினார்.