கட்டையைக் கடிக்கும் குதிரை

குதிரைக்கு வாந்தி வராது. இரைப்பையின் வாயிலுள்ள தசை அவ்வளவு இறுக்கம். 450 கிலோ எடையுள்ள பிராணிக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மேய்வதற்கென்றே அமைந்த வயிறு. அமிலம் இடைவிடாமல் சுரக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். மெல்ல ஒன்றுமில்லாமல் கட்டிப்போட்டால்?

முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், என் மகள் குதிரையேறப் பழகும் லாயம் வரும். அங்கே ஒரு செவலைக் குதிரை, குறுக்குக் கட்டையை முன்பற்களால் கவ்வி, கழுத்தை வளைத்து, 'க்ஹ்ங்' என்று காற்றை இழுக்கும். நிமிஷத்துக்குப் பல தடவை. போன மழைக்காலத்தில் அதற்கு இரண்டு தடவை சூலை வந்தது. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, காலால் தரையைக் கீறி, விழுந்து புரண்டது.

"கெட்ட பழக்கம் சார். காத்த முழுங்கி முழுங்கித்தான் வயித்துவலி. கழுத்துக்குப் பட்டை போட்டா நின்னுடும்" என்றார் குதிரைக்காரர். முப்பது வருஷம் குதிரையோடு வாழ்ந்தவர். பட்டைக்குப் பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதாகப் பேச்சு.

நான் மென்பொருள்காரன். இரண்டு கோளாறுகள் சேர்ந்தே வந்தால், ஒன்று மற்றதைப் பெற்றதா, இரண்டுக்கும் ஒரே தாயா என்று கேட்பது தொழில் புத்தி. சேர்ந்து வருவதில் சந்தேகமே இல்லை. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கல்லீரலருகே உள்ள ஒரு சின்னத் திறப்பில் சிறுகுடல் நுழைந்து சிக்கிக்கொள்ளும் சூலை ஒன்று உண்டு; அறுவை செய்யாவிட்டால் குதிரை பிழைப்பது அரிது. கட்டை கடிக்கும் குதிரைகளுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. ஆனால் காற்றை விழுங்குவது என்பதே பெரும்பாலும் தவறான எண்ணம். எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்ததில், இழுத்த காற்று உணவுக்குழாயின் மேல்பகுதி வரை போய், பெரும்பாலும் அப்படியே திரும்பிவிடுகிறது. பிறகு எப்படி குடல் சிக்குகிறது என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை. லாயத்தில் அடைந்து கிடப்பது, தீனியில் தானியம் கூடிப் புல் குறைவது, இந்த இரண்டும் பழக்கத்துக்கும் காரணம், சூலைக்கும் காரணம். பட்டை போட்டால் கடிப்பது நிற்கும். எச்சரிக்கை விளக்கின் வயரைப் பிடுங்குகிற மாதிரி.

நம் ஊரில் இது பழைய கதைதான். பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்த 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆண்டுக்கு இரண்டாயிரம் வாங்கினாலும் வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாது என்று மார்க்கோ போலோ எழுதினார். சோறும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்துப் போட்டதையும் குறித்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் நெருக்கம்: நாற்பது நாள் முளையடித்துக் கட்டி, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் கொடுத்துக் கொழுக்க வைத்தார்களாம். இருவரும் வெளியூர்க்காரர்கள், கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் கட்டிப்போட்டு நெய்ச்சோறு ஊட்டுவது நமக்குப் பிரியம் காட்டும் வழி. (பிள்ளைகளுக்கும் அதைத்தான் செய்கிறோம்.)

குதிரைக்காரரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் கொள்ளை அளந்துகொண்டிருந்தார். "புல்லு வெல தெரியுமா சார்? பட்டை ஒரு தடவ செலவு. புல்லு தெனம்."

அது சரிதான். பட்டைக்கான என் பங்கைப் புல்லுக்கு எழுதிக்கொள்ளச் சொன்னேன். கணக்குப் போட்டால் பதினோரு நாளைக்கு வரும். மற்ற பெற்றோர்களிடம் வரும் ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும்.