வளவுக்குள் ஒரு கூடாரம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியில் தருமபுரத்தைத் தாண்டினால் விசுவமடு வரும். வீதியை விட்டு இறங்கும் மண் ஒழுங்கையில் எங்கள் வளவு இருக்கிறது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவோடு எங்கள் உழைப்பையும் சேர்த்துக் கட்டிய வீடு. பின்னால் கிணறும் இரண்டு மாமரங்களும். நான் சொல்லப்போகும் பயணம் பின்கதவிலிருந்து மாமரத்தடி வரைதான். இருபது அடி தூரம்.

ஐந்து வயதுப் பேரன் முன்பள்ளியில் ஒரு படப் புத்தகம் பார்த்துவிட்டு வந்தான். "அம்மம்மா, நாங்களும் வெளியில கூடாரம் அடிச்சுப் படுப்பமா?" என்று கேட்டான். அடுப்படியில் நின்ற மகள் ஒன்றும் பேசவில்லை.

2009 தை மாதம் இந்த வளவை விட்டு இடம்பெயர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிக் கடைசியில் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் போய்ச் சேர்ந்தோம். அவளின் அப்பா எங்களோடு வந்து சேரவில்லை. ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பங்கள். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. இரவில் பிள்ளைகள் புரண்டு படுக்கவும் இடமில்லை. அந்த முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. ஆனால் அவள் மனதில் அது மூடப்படவில்லை.

நெல் காயவிடும் தறப்பாளை எடுக்கப் போனேன். "அம்மா, தறப்பாள் மட்டும் வேண்டாம். அந்த மணம் எனக்கு ஏலாது" என்றாள். தறப்பாளைத்தான் வேண்டாம் என்றாள். கூடாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

பெட்டியைத் திறந்து இரண்டு பழைய நூல் சேலைகளை எடுத்தேன். முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்கு மண்மூட்டை தைக்கச் சேலைகளை வெட்டியவர்கள் நாங்கள். என் கூறைச்சேலையும் அப்படித்தான் போனது. இந்த முறை எதையும் வெட்டவில்லை. மாமரங்களுக்கிடையில் கயிறு கட்டி, முழுச்சேலையாகவே விரித்துப் போட்டேன்.

இடத்தைக் கூட்டிச் சருகை அள்ளினோம். தரையில் படுப்பவர்களை இரவில் விரியன் தீண்டுவதுண்டு. அதனால் நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் கீழ் சுற்றிவரச் சொருகினோம். றொட்டியும் சம்பலும் அங்கேயே வைத்துச் சாப்பிட்டோம். ஆவணி மாதம், மழையில்லாத வானம். தெற்கே தேள் வடிவ நட்சத்திரக் கூட்டத்தையும் அதன் நடுவில் சிவந்து தெரியும் கேட்டையையும் பேரனுக்குக் காட்டினேன்.

திடீரென்று ஓர் ஆந்தை அலறியது. பேரன் என்னை இறுக்கிப் பிடித்தான்.

"அம்மம்மா, பயமா இருந்தா வீட்டுக்குள்ள போகலாமே?"

"போகலாம் ராசா. கதவு திறந்துதான் கிடக்கு."

திறந்த கதவடியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் தலையணையோடு வந்து, "கொஞ்சம் தள்ளிப் படுங்கோ" என்றாள். மூவருக்கும் தாராளமாக இடமிருந்தது. அவள் வெகுநேரம் விழித்திருந்தாள். பிறகு மகனுக்கு முன்பே குறட்டை விட்டாள்.

காலையில் பேரனே கயிற்றை அவிழ்த்தான். சேலைகளை மகள் மடித்தாள். "இனி எப்ப?" என்று அவன் கேட்க, "மழைக்கு முதல் இன்னொருக்கா" என்று அவளே பதில் சொன்னாள்.

சகோதரிகளே, பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்கும் ஒன்று சில வேளை எங்கள் புண்ணில் படும். உடனே மறுக்கவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிக்கவும் வேண்டாம். எது நோகிறது என்று பாருங்கள். அதை மாற்றி வைத்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு தறப்பாளாக இருந்தது.