சாத்தத்தில் ஒரு புத்தாண்டு

போர்ட் பிளேர் துறைமுகத்தில் அமைந்த சிறு தீவு சாத்தம். ஹேடோ கரையோடு அதனை ஒரு பாலம் இணைக்கிறது. 1883ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பட்ட மர அறுவை ஆலை, ஆசியாவின் மிகப் பழமையான ஆலைகளுள் ஒன்று. அன்று டிசம்பர் 31. ஆலையின் இரம்பங்கள் ஓய்ந்திருந்தன. அறுபட்ட மரத்தின் மணம் மட்டும் இரவுக் காற்றில் மிதந்துகொண்டிருந்தது.

இரவு பத்தரை மணிக்கு ஆச்சியும் பேரனும் பாலத்தைக் கடந்து தேவாலயத்திற்கு நடந்தனர். ஆச்சி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். ஆலையில் வேலை கிடைத்த கணவரோடு கப்பலேறி வந்து, இத்தீவிலேயே மூத்தவர். பேரனோ தீவில் பிறந்து வளர்ந்தவன்; ஏழாம் வகுப்பு மாணவன். வழக்கமாக ஓயாது பேசுபவன், அன்று மௌனமாக நடந்தான். பாலத்தின் நடுவே நின்று கேட்டான்.

"ஆச்சி, 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நிக்கோபார் மக்கள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருப்பார்கள் அல்லவா? மறுநாள் காலையிலேயே சுனாமி வந்துவிட்டதே! அப்படியானால் ஜெபித்து என்ன பயன்?"

ஆச்சி கடலைப் பார்த்தார். "நல்ல கேள்விதான், ராசா. ஆராதனை முடியட்டும், சொல்கிறேன்" என்றார்.

சிறுவனின் கேள்வி பொருளற்றதன்று. நிக்கோபாரியருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் தங்கி, அங்குள்ள சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார். அவரிடம் பயின்ற சிறுவன் ஒருவரே பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சனாகி, 1952ஆம் ஆண்டு இத்தீவுகளின் சார்பில் மக்களவையிலும் அமர்ந்தார். கச்சால் என்பது மற்றொரு நிக்கோபார்த் தீவு. அங்குள்ள இரப்பர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் உழைத்தனர். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புத்தாயிரத்தின் முதல் சூரியோதயத்தைக் காண்பதற்கென்றே பயணிகள் அத்தீவுக்குச் சென்றனர். ஐந்தாண்டுகள் நிறையுமுன், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணியளவில் நிலம் அதிர்ந்தது, கடல் எழுந்தது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று.

தேவாலயம் நிரம்பியிருந்தது. ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து வழிபடும் இவ்வழக்கம் பழமையானது. 1733ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் மொரேவிய சபையார் இவ்வாறு கூடினர். பின்னர் ஜான் வெஸ்லி அதனை இங்கிலாந்தில் பரப்பினார். 1862 டிசம்பர் 31 இரவு, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் விழித்திருந்தனர். மறுநாள் ஆபிரகாம் லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிடுவார் என்று நம்பிக் காத்திருந்தனர். அது வெறும் கொண்டாட்டமன்று. விடிவதற்குமுன் ஒருவர்க்கொருவர் துணையாக அமர்ந்திருந்த இரவு.

மணி பன்னிரண்டு அடித்தது. எல்லோரும் முழந்தாளிட்டனர். பின் எழுந்து கைகுலுக்கி வாழ்த்திக்கொண்டனர். வாக்குத்தத்த வசன அட்டைகள் வைத்த தட்டு சுற்றி வந்தது. பேரனும் ஓர் அட்டையை எடுத்தான். படிக்காமலேயே சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில், அதே பாலத்தில் ஆச்சி நின்றார்.

"நீ கேட்டதை நானும் கேட்டேன், ராசா. 2004ஆம் ஆண்டின் கடைசி நாள் அது. நிலம் அப்போதும் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. நிக்கோபாரிலிருந்து வந்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்திருந்தார்கள். நாங்கள் சிலர் சோறு வடித்துக் கொண்டுபோனோம். அங்கே ஒரு நிக்கோபார்ப் பாட்டி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் எத்தனை பேரை இழந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை."

"பிறகு?"

"நள்ளிரவில் அவர் பாடத் தொடங்கினார். மெல்ல மெல்ல மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மொழி எனக்குப் புரியவில்லை. ஆனால் நம் கோயிலில் பாடும் அதே இராகம். நான் தமிழில் பாடினேன். பாதியில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்லப் போனவள் நான். ஆறுதல் பெற்றவளும் நானே."

பேரன் பேசவில்லை.

"விடிந்ததும் அவர் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? துடைப்பம். 'இது பிள்ளைகள் படிக்கிற இடம். அவர்கள் திரும்பி வருவார்கள்; சுத்தமாக இருக்க வேண்டும்' என்று இந்தியில் சொன்னார். எல்லாம் போன பிறகும், யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக அந்த வகுப்பறையைப் பெருக்கினார். கடல் ஏன் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்ததுபோல் உனக்குச் சொல்லவும் மாட்டேன். ஜெபம் கடலைத் தடுக்கவில்லை, ராசா. ஆனால் அந்த அம்மாளை எழுந்து நிற்க வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் ஆண்டுதோறும் போகிறேன்."

சிறுவன் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தான். "இதில் எழுதியிருப்பது நடக்குமா, ஆச்சி?"

"அது வரப்போவதைச் சொல்லும் சோதிடச் சீட்டன்று. என்ன வந்தாலும் நீ தனியாக இல்லை என்று நினைவூட்டுவது. மற்றவர்கள் தனித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உன் பங்கு."

ஒரே கடிகாரந்தான் என்றாலும், ஜனவரியில் திருநெல்வேலிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே அந்தமானில் கதிரவன் உதிக்கிறான். ஆறு மணிக்கு ஊரிலிருந்து வாழ்த்துச் சொல்லத் தாத்தாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "இங்கே இன்னும் இருட்டாக இருக்கிறது" என்றார். "இங்கே விடிந்துவிட்டது, அங்கேயும் விடியும்" என்று பேரன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அடுக்களையில் ஆச்சி முந்திரிக்கொத்தைத் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு வங்காளக் குடும்பத்திற்கு ஒன்று, எதிர்வீட்டு மலையாள முஸ்லிம் குடும்பத்திற்கு ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அவன் விளையாடப் போய்விடுவான். ஆச்சியே சுமந்து செல்வார். இம்முறை அவன் கேளாமலேயே வந்து நின்றான்.

"ஹேடோவில் புதிதாகக் குடிவந்திருக்கும் நிக்கோபார்க் குடும்பத்திற்கு யார் கொடுப்பது, ஆச்சி?"

"நீ போகிறாயா?"

அவன் தட்டை வாங்கிக்கொண்டான். இளவெயில் பரவிய பாலத்தின்மேல், ஓர் உருண்டைகூடச் சிந்திவிடாதபடி இரு கைகளாலும் ஏந்தி, மெல்ல நடந்தான்.