குப்பை போடுகிற மரம்

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். காலைத் திருப்பலி முடிந்து நெற்றியில் சாம்பலோடு ஜனங்கள் சாந்தோம் பசிலிக்காவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். போன வருடக் குருத்தோலைகளைச் சேர்த்து எரித்துத்தான் இந்தச் சாம்பல் எடுக்கிறார்கள். என் நாய் சுண்டல் ஒவ்வொருவர் காலையும் மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

ராத்திரி டொராண்டோவிலிருந்து அக்கா மகள் பேசினாள். போன அக்டோபரில் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் போய், அல்கோன்குவின் பூங்காவில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவள். அந்தப் படங்களை மறுபடி அனுப்பினாள். படங்கள் அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. "பாவம் சித்தி, உங்களுக்கு அங்க இதெல்லாம் கிடையாதே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை நானும் சுண்டலும் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்டாள். சென்னையிலேயே, போட் கிளப் சாலை என்றேன். ஒரே சிரிப்பு.

பிப்ரவரி 20, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பாதி சரி. நம் ஆறு பருவங்களில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. அவள் ஊரில் இலை சிவக்கிற ஐப்பசியில் இங்கே கூதிர்; மழை கொட்டி மரமெல்லாம் கரும்பச்சையாக நிற்கும். இந்தக் கரையோரத்தின் சொந்தக் காடே உலர் பசுமைமாறாக் காடு. கிண்டியில் மிச்சமிருக்கிற 2.7 சதுர கிலோமீட்டர் அந்த வகைதான். 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. நாயோடு அதற்குள் நுழைய முடியாது என்பது வேறு விஷயம். கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. எப்போது உதிர்த்தது, எப்போது துளிர்த்தது என்று யாருக்கும் தெரியாமல் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மரம்.

ஆனால் வந்தேறிகள் இருக்கிறார்களே. தூங்குமூஞ்சி தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து. அக்கா மகள் ஊரில் குளிருக்குப் பயந்து உதிர்க்கிறது மரம். இங்கே வறட்சிக்குப் பயந்து. டிசம்பரோடு மழை நின்று மண் காயத் தொடங்கியதும், இலை வழியாகப் போகிற தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. உள்ளூர்க்காரர்களில் வேம்பும் அரசும் புங்கையும்கூட உதிர்ப்பவைதான். மேப்பிள் காடு மாதிரி எல்லாம் ஒரே வாரத்தில் சொல்லிவைத்துக்கொண்டு நிறம் மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பஞ்சாங்கம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமானால் தை கடைசியிலிருந்து பங்குனி வரை தெருத்தெருவாக நடக்க வேண்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். நாயோடு முழுநாள் உலா என்பதெல்லாம் இந்த ஊரில் நடக்காத காரியம். ஒன்பது மணிக்கு மேல் தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பேன். எனக்குப் பொறுக்கவில்லை என்றால் அவளுக்கும் பொறுக்காது.

மந்தைவெளி வரை இருட்டு. அங்கே ஒரு டீக்கடை வாசலில் தெருநாய்க் கூட்டம் வழிமறித்தது. சுண்டலும் பட்டினப்பாக்கம் கடற்கரையில் பிறந்த தெருநாய்தான். இப்போது கழுத்தில் பட்டையும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும், மாநகராட்சி உரிமமும் இருப்பதால் பெரிய இடத்துப் பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்கு பிஸ்கட்டில் சமாதானம் ஆயிற்று.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பிள்ளையார் கோயில் அரசமரம். பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டு, செம்பு நிறத்தில் மெல்லிசாகப் புது இலை விட்டிருந்தது. தெருவிளக்கு வெளிச்சம் இலை வழியாகவே தெரிந்தது. தரையில் மஞ்சள் சருகு, தலைக்கு மேலே சிவந்த தளிர். அக்கா மகளின் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட பனிக்காலம் கிடக்கும்.

போட் கிளப் சாலைக்குள் நுழையும்போது நன்றாக விடிந்திருந்தது. 1867-இல் தொடங்கிய படகு மன்றத்தால் வந்த பெயர். இப்போது படகைவிட நடைக்காரர்களும் அவர்களுடைய நாய்களும்தான் அதிகம். தூங்குமூஞ்சி மரங்கள் பொடி இலையைத் தூவிக்கொண்டிருந்தன. ஆங்காங்கே வானம் பெரிதாகத் தெரிந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததில், இந்த மாதிரிச் சாலைகளும் நிறைய இழந்தன.

நான் தேடி வந்தது ஒரு பங்களா மதிலோரத்துப் பாதாம் மரத்தை. நாட்டு வாதுமை, கடையில் விற்கிற பாதாமுக்கும் இதற்கும் உறவே இல்லை. அடுக்கடுக்காகக் கையை விரித்துக்கொண்டு, பாதி சிவப்பும் பாதி ஆரஞ்சுமாக நின்றது. கிளை நுனியில் ஏற்கெனவே பச்சைக் குருத்து. இலை ஒன்று 'தப்'பென்று கார் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். முழங்கை நீளம் இல்லை என்றாலும் முன்கையில் பாதி வரும், தோல் மாதிரித் தடிமன். நடு நரம்பு மட்டும் மஞ்சள், நரம்புகளுக்கு இடையே நல்ல குங்குமச் சிவப்பு, பூச்சி கடித்த ஓட்டையைச் சுற்றி விடாப்பிடியாக ஒரு பச்சை வளையம். மஞ்சள் நிறம் இலையில் எப்போதும் இருப்பதுதான். பச்சையம் விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. சாகப்போகிற இலை புதிதாகத் தயாரிப்பது அது. இலையிலிருக்கும் சத்தை மரம் திரும்ப இழுத்துக்கொள்கிற வரை வெயிலுக்கு மறைப்பாக அந்தச் சாயம் என்கிறார்கள். அரசந்தளிர் சிவப்பாக இருப்பதும் அதே சாயத்தால்தான்.

இதெல்லாம் சுண்டலுக்கு வேண்டாத கதை. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நிறம். இவ்வளவு சிவப்பும் அவளுக்கு மங்கிய பழுப்பு. அவள் சருகுக் குவியலுக்குள் மூக்கை விட்டுவிட்டாள். ராத்திரி வௌவால் கடித்துப் போட்ட பாதாம் பழங்கள், ஏதோ பூனையின் சமாச்சாரம், காக்கை கொண்டுவந்த மீன்முள். முள்ளைப் பிடுங்க நான் பட்ட பாடு!

துப்புரவுப் பணிப் பெண்மணி ஒருவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, குப்பையப் போய் போட்டோ எடுக்கறீங்க?"

அழகாக இருக்கிறதே என்றேன்.

"உங்களுக்கு அழகு. பெருக்கிட்டுத் திரும்பினா மறுபடி கொட்டி வெச்சிருக்கும். இதுனா பரவால்ல, பெருசு, கையாலயே அள்ளிப் போட்டுடலாம். அதோ கீது பாருங்க தூங்குமூஞ்சி, அதான் உயிர எடுக்கும். பொடி எல. தொடப்பத்துல நிக்காது, காத்துல பறக்கும். அள்ளவும் முடியாது, உடவும் முடியாது."

எந்த மரம் தேவலை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தென்ன. மாசத்துக்கு ஒரு மட்ட உழும், இழுத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

மரங்களை இந்தக் கோணத்திலிருந்து தரம் பிரித்த புத்தகம் எதையும் நான் படித்ததில்லை. அந்தச் சருகெல்லாம் எங்கே போகிறது என்றும் கேட்டேன். வண்டி வந்தால் வண்டியில், வராவிட்டால் யாராவது கொளுத்திவிடுவார்கள் என்றார். மண்ணுக்குப் போக வேண்டியதைப் புகையாக்குகிற இந்தப் பழக்கம் எனக்கு எரிச்சல். நகரம் முழுக்க இந்த மாதத்தில் மூலைக்கு மூலை அந்த நெடிதான்.

திரும்பி வர ஆட்டோ. நாய் என்றதும் இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். மூன்றாமவர் ஐம்பது ரூபாய் மேலே கேட்டார், சீட்டில் உட்கார வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. சுண்டல் கீழே உட்கார்ந்து அவருடைய முதுகை மோந்துகொண்டே வந்தாள். லைட் ஹவுஸ் தாண்டுவதற்குள் இருவரும் சிநேகிதம்.

படங்களை அனுப்பினேன். "இது சென்னையா?" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 25, புதன்

எங்கள் குடியிருப்பிலும் ஒரு பாதாம் மரம் உண்டு. சங்கக் கூட்டத்தில் அதை வெட்டிவிடலாம் என்று செயலாளர் பேச்செடுத்தார். கார் மேலெல்லாம் இலை, வடிகால் அடைக்கிறது, வெறும் குப்பை போடுகிற மரம். வடிகால் அடைப்பு உண்மைதான், மறுக்கவில்லை. நான் எழுந்து அரசந்தளிர், சிவப்புச் சாயம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். யாரும் காது கொடுக்கவில்லை.

செயலாளருடைய மகன்தான் காப்பாற்றினான். பைட்டர் மீன் வளர்க்கிற பையன். காய்ந்த பாதாம் இலையைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் மீனுக்கு நல்லது என்று ஆன்லைனில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டிருந்தானாம், அப்பாவின் கார்டில். விலையைக் கேட்டதும் செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிளையை மட்டும் கழிக்கலாம், வடிகாலுக்கு வலை போடலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். வலைக்கு வீட்டுக்கு நூறு ரூபாய். சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.