இன்னுமா சார் அந்த அம்பாசிடர்?

போளூர் கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறீர்கள். ஆமாம், இன்னும் வைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 தான் நம் அம்பாசிடர். வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் செய்தார்கள், 2014-இல் நிறுத்திவிட்டார்கள். என்னுடையது பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின்.

சித்திரை வெயிலில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, வண்டி இருமிக்கொண்டு நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் கிளம்பிவிடும். குழாய்க்குள் நிறுத்தியதும் ஆவியாதல், துணியில் குளிர்விப்பதும் ஆவியாதல். எட்டாம் வகுப்பில் நடத்தினேனே, நினைவிருக்கிறதா?

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாயிற்று. மகன் இசுசூ எஞ்சினே மாற்றிவிடலாம் என்கிறான். எனக்கு அதைவிட பிரேக்தான் முக்கியம். நான்கு சக்கரமும் டிரம். இரண்டாம் கியரில் இறங்கினாலும் கொண்டை ஊசி வளைவுகளில் சூடேறிப் பிடிப்பு குறையும். ராத்திரி அவசரம் என்று ஊரார் கதவைத் தட்டினால் நோயாளியை இதில்தான் கீழே கொண்டுபோகிறேன். அதனால் பூஸ்டர் வைத்தேன், லைனிங்கும் புதிது.

அடுத்த மாதம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வேலூர்ப் பக்கம் நல்ல வீல் சிலிண்டர் செட் எங்கே கிடைக்கும்? மெக்கானிக் ஆன மாணவர்கள் யாராவது சொல்லுங்கப்பா.