உத்திரமேரூரில் ஒரு கணக்கு

போன சனிக்கிழமை அப்பாவோட உத்திரமேரூர் போயிட்டு வந்தேன். தாம்பரத்துல மின்சார ரயில், செங்கல்பட்டுல இறங்கி பஸ். சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கும் 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சது மக்களே!

பார்க்க வேண்டியது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள், 919, 921-ஆம் வருஷங்கள்ல வெட்டினது. 30 குடும்பு. பேர் எழுதின ஓலைகளைக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுப்பாங்க. எல்லாரும் நின்னுட முடியாது. சொந்த நிலம், வேதப் படிப்பு வேணும். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள.

"எனக்கு 63, நான் நிக்கலாம். நீ இன்னும் ஏழு வருஷம் வெயிட் பண்ணு"ன்னு அப்பா சிரிச்சார்.

அடுத்த விதிதான் சுட்டது. பதவியில இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவுக்காரங்களும் நிக்கக் கூடாது.

மனை வாங்கச் சொல்லி அப்பா குடுத்த பி.எஃப். பணம் 3 லட்சத்தை ஷேர்ல போட்டு பாதியை விட்டிருந்தேன். ரெண்டு வருஷமா அவர் கேட்கலை, நானும் சொல்லலை.

திரும்பும்போது பஸ்ல சொல்லிட்டேன். செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தார். இறங்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்:

"மிச்சம் எவ்வளவுடா இருக்கு?"