காற்றுக்கு ஒரு வேலி

மலைவழி நடப்பார்க்கு முதற்பகை சுமை. அடுத்த பகை காற்று. சுமைக்கு அஞ்சிச் சிற்றடுப்பைக் கொண்டு செல்வார், காற்றினிடம் தோற்றுப் பசியோடு உறங்குவர். இவ்விரு பகையையும் வெல்லுதற்குப் பெரும்பொருள் வேண்டா. கத்தரிக்கோலும் சிறிது அறிவும் போதும் என்பதை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

யாம் கையாள்வது வில்லையடுப்பு. ஜெர்மானியராகிய எரிக் ஷும் என்பார் 1936-ஆம் ஆண்டில் ஆக்கிய 'எஸ்பிட்' அடுப்பின் வகையைச் சார்ந்தது. மடித்தாற் சட்டைப்பையில் அடங்குவது. ஹெக்சமின் என்னும் வேதிப்பொருளாலாய வில்லையே இதற்கு விறகு. 14 கிராம் வில்லையொன்று ஏறத்தாழ 12 நிமிடம் எரிந்து அரை லிட்டர் நீரைக் கொதிப்பிக்கும். காற்று வீசினாலோ சுடர் சாயும். வெம்மை கலத்தைச் சேராது. வில்லை தீர்ந்தும் நீர் கொதியாது.

இக்குறை நீக்க, விருந்தொன்றிற் கழிந்த அலுமினியத் தட்டைப் பட்டையாக நறுக்கினோம். கை கிழியாவண்ணம் ஓரங்களை மடித்தோம். தீ மூச்சுவிட அடியில் துளைகள் இட்டோம். கலத்தைச் சுற்றி ஒரு விரலிடை விட்டு வளைத்து, முனைகளைக் காகிதக் கவ்வியாற் பிணித்தோம். எஞ்சிய தகடு மூடியாயிற்று. பழங்கம்பளித் துண்டு கலத்திற்கு உறையாயிற்று. தீ அவிந்தபின் கலத்தை அதனுட் பொதிந்தால், உள்ளிருக்கும் ரவை தன் சூட்டிலேயே வேகும். விடுதி மாடியில், வேலியின்றி ஒரு வில்லை வீணாயிற்று; வேலியிட்டபின் மறுவில்லையால் நீர் கொதித்தது. அன்று எமக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

அதுகண்ட தோழர் ஒருவர், வாயுக் குப்பியின்மேற் பொருத்தும் தம் அடுப்பிற்கு அவ்வேலியை இரவல் வேண்டினார். யாம் மறுத்தோம், அவர் முகம் வாடிற்று. வேலி தடுத்த வெம்மை கீழுள்ள குப்பியைச் சுடும், உள்ளழுத்தம் மிகும், குப்பி வெடித்தலுங் கூடும். இதனை விளக்கியபின் அவர் தெளிந்தார். ஓரடுப்பிற்குக் காவலாவது மற்றோரடுப்பிற்குக் காலனாம்.

வில்லையின் புகை நஞ்சாதலின், கூடாரத்துள் அதனை ஏற்றலாகாது. காய்ந்த புல்லிடையும் ஆகாது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றார் பலரை மாய்த்ததை யார் மறப்பார்? வனத்துறை விலக்கிய இடத்து எவ்வடுப்பும் வேண்டா. அவலும் வெல்லமும் போதும்.

நண்பர்காள்! தாமே செய்த கருவி சிக்கனத்திற்கு மட்டும் உரியதன்று. தகட்டை வளைக்கக் கை போதும். எங்கே வளைக்கலாகாது என்றறியக் கல்வி வேண்டும். இரண்டும் உடையார் மலையேறுக, நலமே மீள்க.